ஞாயிற்றுக்கிழமைக் குழந்தைகள்

அந்த அறையில் இருந்த அச்சு இயந்திரம் கிழடு. வேலையைத் தொடங்கும் முன் ஒரு முறை தொண்டையைச் செருமிக்கொள்ளும். பிறகு தகரத்தைத் தரையில் இழுப்பதுபோலக் கத்தும். மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவுக்கு முதன்முதலாக வருகிறவர்கள் அந்தச் சத்தத்துக்குத் துள்ளி விழுவார்கள். யார் எவ்வளவு உயரம் துள்ளினார்கள் என்று பேசிச் சிரிப்பது அங்கே வேலை செய்கிறவர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு.

அன்று காலை இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வந்து நின்றபோதும் அது கத்தியது. "ஐயோ" என்று அந்தப் பெண் ஓரடி பின்வாங்கினாள். இடுப்பில் இருந்த குழந்தை அசையவில்லை. மேசைமேல் இருந்த சிவப்பு மைப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தது.

தைரியமான பிள்ளை என்று, மேசைக்குப் பின்னால் கணினியின் முன் உட்கார்ந்திருந்தவள் நினைத்துக்கொண்டாள். பின்னாளில் அந்தக் காலையை எத்தனை தடவை புரட்டிப் பார்த்தாலும், முதலில் உடம்பு கூசியது அந்த ஒரு நினைப்புக்குத்தான்.

"காது டெஸ்ட் பண்ணின ரிசல்ட் வேணும் மேடம். பொறந்தப்ப பண்ணினது. வேற ஒரு டாக்டர் கேக்கறாரு."

"நம்பர் சொல்லுங்க."

தாய் சொன்னாள். மேசையில் இருந்த அவள் அதைக் கணினியில் தட்டினாள். திரையில் ஒன்றும் வரவில்லை.

"சரியாப் பாத்துச் சொல்லுங்கம்மா. அஞ்சு, எட்டு எல்லாம் மாத்திச் சொல்லிடறாங்க."

தாய் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். உள்ளே பிறப்பு அட்டை, ஓரம்கூட மடங்காமல் இருந்தது. எண் சரிதான். ஒரு சனிக்கிழமை மாலை பிறந்து, ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்குப் போன பெண் குழந்தை. இப்போது ஒன்றே முக்கால் வயது.

"பண்ணினாங்கல்ல?" என்று அவள் கேட்டாள்.

"என்னமோ பண்ணினாங்க. கால்ல ஊசி குத்தினாங்க, எடை பாத்தாங்க. அதோட இதுவும் ஆயிருக்கும்னு இருந்துட்டேன். அப்புறம் நாலாவது மாசம் தடுப்பூசிக்கு வந்தப்ப நர்ஸ்கிட்ட கேட்டேன், பின்னாலேர்ந்து கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்குதேன்னு. அவங்க அந்த போர்டைக் காட்டினாங்க."

எந்தப் பலகை என்று அவள் கேட்க வேண்டியிருக்கவில்லை. நுழைவாயிலில், வரிசை நிற்கிற எல்லோர் கண்ணிலும் படும்படி, நீல எழுத்தில் இருக்கிறது: இங்கு பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் செவித்திறன் சோதிக்கப்படுகிறது. கீழே ஆள் உயரத்துக்கு 100%. அந்த எண்ணைக் கொடுத்தவள் அவள்தான். அதனால்தான் காவலாளி முதல் பெரிய டாக்டர் வரை அவளை 'செஞ்சுரி' என்று கூப்பிடுகிறார்கள். அவளுக்கு முன்னால் இருந்தவர் பதிவேடுகளை மூன்று நாள் புரட்டிப் போடுகிற கணக்கை அவள் கணினியில் நாலு நிமிடத்தில் போட்டாள். அதற்கு ஒரு விருது வந்தது. பெரிய டாக்டரோடு அவள் நிற்கிற புகைப்படம் பலகைக்குப் பக்கத்திலேயே கண்ணாடிச் சட்டத்துக்குள் சிரித்துக்கொண்டிருக்கிறது.

"மூணு மணிக்கு வாங்கம்மா. எடுத்து வைக்கிறேன்."

 தாய் போன பிறகு அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

கணினியில் இரண்டு அட்டவணைகள் இருந்தன. ஒன்று பிறப்பு அட்டவணை: குழந்தையின் எண், தாயின் பெயர், பிறந்த நாள், தொலைபேசி. மற்றது காதுச் சோதனை அட்டவணை: குழந்தையின் எண், சோதித்த நாள், முடிவு. குழந்தையின் எண்ணைப் பிடித்து இரண்டையும் முடிச்சுப் போடுவதுதான் அவள் எழுதிய கட்டளையின் வேலை. மாதாமாதம் அதை ஓட்டுவாள், வந்ததை அப்படியே மேலே அனுப்புவாள். ஆனால் அவள் போட்ட முடிச்சுக்கு ஒரு குணம் உண்டு. இரண்டு பக்கமும் இருக்கிற எண்ணை மட்டுமே அது கையில் எடுக்கும். ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் இல்லாததை, இல்லை என்றுகூடக் காட்டாது. அந்தக் குழந்தை பிறக்கவே இல்லை என்பதுபோல வரியையே தூக்கிவிடும். மிஞ்சியதை எண்ணித்தான் 'பிறந்தவை' என்று போட்டிருந்தாள். 'சோதித்தவை'யும் அதே மிச்சம்தான். பரீட்சைக்கு வந்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு, வகுப்பில் எல்லோரும் பரீட்சை எழுதினார்கள் என்று சொல்வதுபோல. நூறு வராமல் என்ன செய்யும்?

இது அவளுக்குத் தெரியாத சங்கதி இல்லை. படிக்கும்போது இரண்டாவது வாரமே சொல்லிக்கொடுப்பது. கட்டளையில் இருந்த 'இன்னர்' என்ற சொல்லை அழித்துவிட்டு 'லெஃப்ட்' என்று அடித்தாள். ஆங்கிலத்தில் நாலே எழுத்து. அப்படிக் கேட்டால் பிறப்பு அட்டவணையில் இருக்கிற எல்லா வரியும் வரும், ஜோடி இல்லாததற்குப் பக்கத்தில் வெறும் கட்டம் நிற்கும். இரண்டு வருஷத்தில் பிறந்தவை மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. வெறும் கட்டங்களை மட்டும் தனியே எடுத்தாள்.

இருநூற்றுப் பதினான்கு.

பிறந்த நாள்களைப் பார்த்தாள். சனி. சனி. ஞாயிறு. சனி. எப்போதாவது ஒரு வெள்ளி இரவு.

முதலில் அவள் மனம் செய்தது ஒரு கணக்கு. ஆயிரம் குழந்தைக்கு இரண்டு, மூன்று பேருக்குத்தான் பிறவியிலேயே காது கேட்காது. அப்படியானால் இருநூற்றுப் பதினான்கில் ஒன்றோ, ஒன்றும் இல்லையோ. அந்த ஒன்று இன்று வந்த குழந்தையாகவே இருந்தால் மீதி எல்லாம் பிழைத்தது. 'பிழைத்தது' என்ற சொல் மனதில் ஓடிய பிறகுதான், பிழைத்தது யார் என்று அவளுக்கு உறைத்தது. திரையை அணைத்துவிட்டாள். கறுத்த கண்ணாடியில் தன் முகம் தெரிந்தது. மறுபடி போட்டாள்.

சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வெறும் கட்டம் ஆகாது. பள்ளிப் பரீட்சையில் தெரியாத கேள்விக்கு எண்ணே போட மாட்டாள். எழுதியவை எல்லாம் சரியாக இருக்கும், அடித்தல் திருத்தல் இருக்காது, திருத்துகிறவருக்குக் கை தானாக மதிப்பெண் போடும். "உன் பேப்பரைப் பாத்தா கண்ணுல ஒத்திக்கலாம்" என்று ஒரு ஆசிரியை சொன்னதை இன்றைக்கும் சில நாள் நினைத்துக்கொள்வாள். விட்டுப்போன கேள்விகளைப் பற்றி யாரும் அவளிடம் கேட்டதில்லை.

ஆனால் இதை ஒருத்தர் கேட்டிருந்தார்.

காதுச் சோதனை செய்கிறவரை எல்லோரும் காதக்கா என்பார்கள். ஐம்பதை நெருங்குகிறவர், வாய் நீளம். விருது விழாவுக்கு முந்தின வாரம், கை கழுவும் இடத்தில் பக்கத்தில் நின்று, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "ஏன்டி செஞ்சுரி, ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. சனிக்கிழமை பொறந்து ஞாயித்துக்கிழமை வீட்டுக்குப் போறதுங்க காதுக்குள்ள நான் எப்படிடி போய்ப் பாத்தேன்? கனவுலயா?"

"சிஸ்டம் சொல்லுதுக்கா. சிஸ்டம் பொய் சொல்லாது" என்று அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார்.

அவர் போன பிறகு குழாயை மூடாமல் நின்றது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. திரும்பிப் போய் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும், நாலு நிமிட வேலை. அழைப்பிதழ் அச்சாகியிருந்தது. புகைப்படக்காரரிடம் சொல்லியாகிவிட்டது. வீட்டில் அவள் அம்மா ஊரெல்லாம் போன் போட்டுச் சொல்லியிருந்தாள். சந்தேகம் வரவில்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். வந்ததை ஈரக் கையோடு துடைத்துப் போட்டிருக்கிறாள்.

அந்த நாளை நாள்காட்டியில் தேடிப் பிடித்தாள். இந்தக் குழந்தை பிறந்த நாளையும். விரல் விட்டு எண்ணினாள். அன்றைக்குக் குழந்தைக்கு முப்பத்தெட்டு நாள்.

காதக்கா தன் அறையில் சோதனைக் கருவியின் சின்ன ரப்பர் முனைகளைக் கழுவித் துணியில் பரப்பிக்கொண்டிருந்தார். அவள் வாசலிலேயே நின்று சொன்னாள். எண்ணிக்கையைச் சொல்லும்போது குரல் உள்ளே போய்விட்டது.

"எவ்வளவு? சத்தமாச் சொல்லு. காது டெஸ்ட் பண்றவதான், காது எனக்கும் கொஞ்சம் மந்தம்."

"இருநூத்திப் பதினாலுக்கா."

காதக்கா ஒரு ரப்பர் முனையை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். "சொன்னேன்ல அன்னிக்கு."

"சொன்னீங்க."

"பல்லைக் காட்டின."

"ஆமா."

"ஞாயித்துக்கிழமைக்கு இன்னொரு ஆள் போடுங்கன்னு நாலு லெட்டர் எழுதினேன். அஞ்சாவதுக்குப் பெரிய டாக்டர் கூப்பிட்டு, 'ஆள் இல்லாமலே நூறு பண்றீங்களே, இன்னும் என்ன நூத்திப் பத்து பண்ணணுமா'ன்னாரு. நானும் அதோட விட்டுட்டேன். உன்னை மட்டும் சொல்லி என்ன? நூறுல பாதி என் தலையிலயும் பூ வெச்ச மாதிரி இருந்துச்சு." கையைத் துடைத்துக்கொண்டார். "அந்தப் பிள்ளை எப்படி இருக்கு?"

"அந்த பிரிண்டர் கத்திச்சுக்கா. திரும்பல."

காதக்கா துணியின் நாலு முனைகளையும் சேர்த்து மடித்தார். "முதல்ல அதைத் தூக்கிட்டு வரச் சொல்லு. போ."

பெரிய டாக்டர் கெட்டவர் இல்லை. அவள் சொல்லச் சொல்லக் கண்ணாடியைக் கழற்றி மூக்கைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அவர் திட்டினால் தேவலை போலிருந்தது அவளுக்கு.

"மீதிப் பேரை மெதுவா வரவழைச்சுப் பாத்துடலாம். இலவச முகாம் மாதிரி ஏதாவது பேர் வெச்சு. இன்னிக்கு வர்ற அந்தம்மாகிட்ட ரெக்கார்டு கெடைக்கலைன்னு சொல்லிடு. பொய் இல்லையே, கெடைக்கலதானே?"

அவள் தலையாட்டினாள். ஏன் ஆட்டினோம் என்று படி இறங்கும்போது யோசித்தாள். மரியாதைக்கு என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அவர் அந்த வழியைக் காட்டியபோது நெஞ்சுக்குள் ஒரு கதவு திறந்து காற்று வந்தது உண்மை. அந்தக் காற்றை அவள் ஆசையாக இழுத்துக்கொண்டாள்.

மதியம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை. காலையில் மகளைப் பள்ளிக்குக் கிளப்பும்போது, "எத்தனை தடவ கூப்பிடறது? காதுல என்ன, பஞ்சா வெச்சிருக்க?" என்று கத்தியது ஞாபகம் வந்தது. மகள் கதைப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், "கேக்குது, கேக்குது" என்று சொன்னாள். கேட்கிறது என்று தெரிந்துகொண்டே கத்தும் வசதி தனக்கு இருந்தது.

மூன்று மணிக்கு இரண்டு நிமிடம் முன்னதாகவே தாய் வந்துவிட்டாள். குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

"ரெக்கார்டு கெடைக்கலம்மா" என்றாள் அவள். நினைத்ததைவிடச் சுலபமாக வந்தது.

தாய் வாதாடவில்லை. அதற்குத் தயாராக வந்தவள்போலத் தலையை ஆட்டினாள். "பரவாயில்ல மேடம். டெஸ்ட் பண்ணியிருப்பீங்க, அப்ப நல்லாத்தான் இருந்திருக்கும். அப்புறம்தான் போயிருக்கு. ஒம்பதாவது மாசம் ஒரு காய்ச்சல் வந்துச்சு. நான் ஒரு ராத்திரி வீட்லயே வெச்சுப் பாத்துட்டேன், மறுநாள்தான் டாக்டர்கிட்ட போனேன். அதுலதான் காது போச்சுன்னு எங்க மாமியார் சொல்றாங்க. வீட்டுக்காரரும் வாய்விட்டுச் சொல்லல, அவ்வளவுதான். நானும் அப்படித்தான் நெனைக்கிறேன். அந்த ஒரு ராத்திரி நான் கெளம்பிப் போயிருக்கணும்."

சொல்லிவிட்டு உறையைப் பைக்குள் வைத்து, அதன்மேல் கையால் ஒரு தட்டுத் தட்டினாள். திரும்பினாள். கதவு வரைக்கும் போய்விட்டாள்.

ஒரு வரி காணாமல் போனதோடு விஷயம் முடியவில்லை என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவள் விட்ட வெறும் கட்டத்தை இந்தப் பெண் சும்மா விட்டு வைக்கவில்லை. ஒரு வருஷமாகத் தன்னையே எடுத்து அதில் நிரப்பிக்கொண்டிருக்கிறாள்.

"ஏம்மா, கொஞ்சம் நில்லுங்க. உக்காருங்க. நான் பொய் சொல்லிட்டேன்."

தாய் உட்காரவில்லை.

"உங்க பிள்ளைக்கு டெஸ்ட் பண்ணவே இல்ல. ஞாயித்துக்கிழமை அதுக்கு ஆள் கெடையாது. எல்லாருக்கும் பண்ணிட்டோம்னு கணக்குக் குடுத்தது நான். டெஸ்ட் பண்ணின பிள்ளைங்களை மட்டும் எண்ணி, பொறந்ததே அவ்வளவுதான்னு போட்டுட்டேன். இது தப்புன்னு ஒருத்தங்க எங்கிட்ட சொன்னாங்க. அப்பவும் நான் பாக்கல. அப்ப உங்க பாப்பாவுக்கு முப்பத்தெட்டு நாள்தான். அந்த போர்டு பொய்ம்மா."

தாயின் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவேண்டும் என்றுகூட இருந்தது. வந்தது வேறு.

"அப்ப, நாலாவது மாசம் நான் சொன்னது?"

"சரிதான். கேக்காமத்தான் இருந்திருக்கும்."

"காய்ச்சலுக்கு முன்னாலயே?"

"அதைச் சந்தேகப்பட்டு நீங்க சொன்னதே காய்ச்சலுக்கு அஞ்சு மாசம் முன்னாலதானே."

தாய் அப்போதுதான் உட்கார்ந்தாள். தூங்கும் குழந்தையின் முதுகில் வாயை வைத்து அழுத்திக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவளுக்கு நாக்கு வரை வந்தது. அந்த ஆறுதல் யாருக்கு என்று யோசித்துவிட்டு விழுங்கினாள். ஒரு டம்ளர் தண்ணீரை மட்டும் மேசையோரத்துக்கு நகர்த்தி வைத்தாள். தாய் அதைத் தொடவில்லை.

"எழுதிக் குடுங்க" என்றாள் கடைசியில், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "வீட்ல காட்டணும்."

அவள் மருத்துவமனைத் தாளை எடுத்தாள். 'பதிவுகளில் ஏற்பட்ட எதிர்பாராத குறைபாடு காரணமாக' என்று கை தானாக எழுதியது. எத்தனை வருஷப் பழக்கம். கசக்கினாள். வேறு தாளில் எழுதினாள்: 'இந்தக் குழந்தைக்குப் பிறந்தபோது காதுச் சோதனை செய்யப்படவில்லை. செய்ததாக நான் தந்த கணக்கு தவறு. குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்று இதன் தாய் நாலாவது மாதத்திலேயே இங்கு வந்து சொல்லியிருக்கிறார். நாங்கள் கேட்கவில்லை.' கையெழுத்துப் போட்டாள். தேதி போட்டாள். பெரிய டாக்டரின் முகம் வந்து போனது. முத்திரையையும் குத்தினாள். சிவப்பு மை விரலில் ஒட்டிக்கொண்டது.

தாய் எழுத்துக்கூட்டுவதுபோல மெதுவாக வாசித்தாள். இரண்டாம் தடவையும் வாசித்தாள். உறையை எடுத்து, பிறப்பு அட்டைக்கு முன்னால் அதை வைத்தாள்.

"காது டெஸ்ட் பண்ற அக்கா பக்கத்து அறையில இருக்காங்க. இப்பவே பாப்பாவை டெஸ்ட் பண்ணிடலாம்னு சொன்னாங்க. தூங்கறப்பதான் நல்லா பண்ண முடியும்."

"போறேன்." எழுந்தவள் நின்றாள். "இதே மாதிரி வேற பிள்ளைங்க இருக்கா?"

"இருக்கு. இருநூத்திப் பதிமூணு."

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"அப்புறம் என்ன என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க?"

அதில் திட்டுகூட இல்லை. அடுப்பில் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பவளிடம் கேட்பதுபோலத்தான் தாய் கேட்டாள். மன்னிப்பு என்ற சொல்லை அவள் தொண்டையிலேயே வைத்துக்கொண்டாள். அது கேட்டு வாங்குகிற பொருள் இல்லை.

பட்டியலை அச்சுக்குக் கொடுத்தாள். இயந்திரம் தொண்டையைச் செருமி, கத்தத் தொடங்கியது. கதவருகே தாய் திடுக்கிட்டுக் குழந்தையின் காதைப் பொத்தினாள். பொத்திய கையை ஒரு நொடி அப்படியே வைத்திருந்துவிட்டு எடுத்தாள். குழந்தை தூங்கிக்கொண்டே இருந்தது. அவர்கள் பக்கத்து அறைக்குப் போனார்கள்.

ஏழு பக்கம் வந்தது. பெரிய டாக்டர் சொன்ன முகாமுக்குப் பேர் வைத்து, நாள் குறித்து முடிக்க ஒரு மாதமாகும். இலவசம் என்று கூப்பிட்டால், பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறது என்று பாதிப்பேர் வரமாட்டார்கள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல் வரியில் இருந்த தொலைபேசி எண்ணை அழுத்தினாள். நெடுநேரம் மணி அடித்தது.

"யாரு?" என்றது ஒரு பெண் குரல். பின்னால் பாத்திரம் கழுவும் ஓசை.

எந்த மருத்துவமனை என்று சொன்னாள். "உங்க பிள்ளை பொறந்தப்ப காது டெஸ்ட் பண்ணணும். நாங்க பண்ணல. பண்ணிட்டோம்னு நான் தப்பாக் கணக்குக் குடுத்துட்டேன். ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க. பிள்ளைக்குத் தெரியாம பின்னால நின்னு கூப்பிட்டா, திரும்பிப் பாக்குதா?"

பாத்திர ஓசை நின்றது.

"இருங்க" என்றது குரல். போனை எங்கோ வைக்கிற சத்தம். நடந்து போகிற காலடி. பிறகு தூரத்தில், ஒரு பெயரை அந்தப் பெண் கூப்பிட்டாள்.

அவள் ரிசீவரைக் காதோடு சேர்த்து அழுத்தினாள்.

அந்தப் பெண் மறுபடி கூப்பிட்டாள்.